மச்சான் வெட்டிய கண்டல் கம்புகள்

எங்கள் உப்புநீர்க் களப்போரத்துக் கண்டல் மரங்களை நாங்களேதான் நட்டோம், நாங்களேதான் பார்த்துக்கொள்கிறோம். வெட்டினவனுக்கு மூன்று மாதம் களப்பில் வலைபோடத் தடை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் மீனவர் சங்கம் கூடும்போது, காவல் பார்ப்பவர் எழுந்து நின்று வெட்டினவனின் பெயரைச் சொல்ல வேண்டும். அந்த வருடம் காவல் என் முறை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். நாலு பேருக்கு முன்னால் என் பெயரைச் சொல்லவே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஒரு புதன்கிழமை காலை தோணியில் போனேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று என் மனைவியின் மூத்த சகோதரர், அவள் காக்கா என்று கூப்பிடும் என் மச்சான், கம்பு வெட்டிக்கொண்டிருந்தார்.

"இறால் கூட்டுக்குக் கம்பு இல்ல மச்சான். நீங்க மற்றப் பக்கம் பாருங்க."

நான் மற்றப் பக்கம் பார்த்தேன்.

எங்கள் ஊர்களில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிபோவான். நான் இருக்கும் வீட்டைத் தங்கைக்காகக் கட்டினவர் அவர்தான். சீமெந்து குழைத்ததும் அவருடைய கைதான். களப்பைத் தவிர அவருக்கு வேறு தொழில் இல்லை.

"இஞ்சேருங்க, காக்காட பேரச் சொல்லிட்டு இந்த வாசல்ல எப்பிடி ஏறுவீங்க?" என்றாள் மனைவி, நான் கண்டதைச் சொன்னதும்.

சொல்லாவிட்டால் அடுத்த கிழமை இன்னொருவன் கத்தியோடு வருவான். அவனை எந்த முகத்தோடு தடுப்பது?

வெள்ளிக்கிழமை, இந்தக் கிழமை யாராவது வெட்டினார்களா என்று தலைவர் வழக்கம்போலக் கேட்டார். எழுந்து நின்றேன். சத்தம் வரவில்லை.

"கதைங்களன். பொண்ணு கேக்கவா வந்திரிக்கீங்க?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

பின்னால் மச்சான் எழுந்தார். "அவர உடுங்க. வெட்டினது நான். எங்கட ஊட்டுல இரிக்கிறவர் எப்பிடிச் சொல்லுவார்?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு, காவலை விட்டுவிடுகிறேன் என்று தலைவரிடம் மெல்லச் சொன்னேன்.

"இப்ப உட்டா மச்சானுக்காக உட்டீங்க எண்டுதான் ஊர் கதைக்கும். வருஷத்த முடிங்க," என்றார்.

தடை விழுந்தவரின் வலை காவல்காரரின் வீட்டில் இருக்க வேண்டும். பின்னேரம் மச்சான் அதைத் தோளில் சுமந்து வந்து விறாந்தையில் இறக்கினார்.

"எலி கடிக்காமப் பாத்துக்கங்க."

மனைவி அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். எனக்கும் ஒன்று வைத்தாள், முகத்தைப் பார்க்காமல்.