கிளிக்கு வைத்த பச்சை அவரை

சத்திரம் பேருந்து நிலையத்தில் காய் விற்கும் அம்மையார், பிஞ்சு என்று காட்டுவதற்காக ஓர் அவரையை ஒடித்தார். அந்த ஓசையில் பத்தாண்டுகள் பின்னே போனேன்: ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு முற்றம்.

பெருமாளுக்குப் படைக்காத எதையும் வீட்டில் எவரும் உண்ணக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். கூண்டுக் கிளிக்கும் அதே சட்டம். ஆகவே உப்பும் எண்ணெயும் சேர்த்து வேகவைத்த கறியமுதுதான் அதற்கும். இறகு உதிர்ந்து கிளி ஒடுங்கிப்போயிற்று. பொறுக்க முடியாமல் சித்தப்பா பச்சை அவரையைக் கூண்டுக்குள் செருகியதை அப்பா பார்த்துவிட்டார்.

"ஆசாரம் கெட்டவனே, இது என் வீடு."

"அது சாகறது அண்ணா. காட்டுல அதுக்கு யாரு தாளிச்சுக் கொட்டறா?"

அப்பா கூண்டைத் தூணில் மோதினார். சித்தப்பா அவர் கழுத்தைப் பற்றினார். இருவரும் முற்றத்துக் கல்லில் உருண்டார்கள். சித்தப்பாவின் பல் உடைந்து ரத்தம் வழிந்தது. நெளிந்த கூண்டுக்குள் கிளி கிறீச்சிட்டது.

அம்மா சிதறிய அவரையைப் பொறுக்கிக் கழுவினாள். பெருமாள் முன் படைத்துக் கைகூப்பினாள். எடுத்துவந்து கிளியிடம் நீட்டினாள். கிளி கவ்விக்கொண்டது.

"பெருமாளுக்கு அம்சை பண்ணியாச்சு. இப்ப இதுவும் பிரசாதந்தானே, சொல்லுங்கோ."

அப்பா அவளை அறைந்தார். அம்மா அடுத்த அவரையைக் கழுவப் போனாள்.

அப்போதே திருச்சியில் எந்தக் கல்லூரிப் பட்டிமன்ற மேடையிலும் என்னை மடக்கியவர் இல்லை. ஆனால் வாதத்தில் வென்றவள் அறை வாங்கிய அந்த அவையில், பேசத் தெரிந்த நான் வாய்மூடி நின்றேன்.