விளக்குக்கு வந்த பட்டைக்காரர்

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கும் சமூகத் தோட்டத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு வாளியை வைத்துவிட்டு வருவேன். சனிக்கிழமை விடிந்ததும் போய் அதைத் திறப்பேன். வாளியின் மேல் ஒரு புனல், புனலுக்கு மேல் ஊதா வெளிச்சம் தரும் பல்பு, வாளிக்குள் முட்டை அட்டைகள். அவ்வளவுதான் என் ஆராய்ச்சிக்கூடம். வெளிச்சத்தைத் தேடி வரும் அந்துப்பூச்சிகள் பல்பில் மோதி, புனலில் வழுக்கி, அட்டைக் குழிகளில் ஒண்டிக்கொள்ளும். காலையில் ஒவ்வோர் அட்டையாகத் தூக்கி, யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்துப் படம் எடுத்துப் பதிந்துவிட்டு, அவர்களைப் புதருக்குள் விட்டுவிடுவேன். ஒன்றையும் கொல்வதில்லை. முட்டை அட்டை சிராங்கூன் சாலைப் பரோட்டாக் கடையில் ஓசியில் கிடைக்கிறது. நான் வீட்டில் கோழி வளர்க்கிறேன் என்று கடைக்காரர் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை. அந்துப்பூச்சி பிடிக்கிறேன் என்று சொல்வதைவிட அது மரியாதையாக இருந்தது.

இதில் என்னை இழுத்துவிட்டது ஓர் எரிச்சல். இணையத்தில் பூச்சி பார்க்கிறவர்களின் குழு ஒன்றில் சும்மா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மார்ச் பிறந்தால் போதும், குளிர் நாட்டுக்காரர்கள் எல்லாரும் “எங்கள் வசந்தகாலப் பூச்சிகள் வர ஆரம்பித்துவிட்டன, உங்கள் ஊரில் எப்படி?” என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். எங்களுக்கு ஏதய்யா வசந்தம்? வியர்வை, மழை, மறுபடி வியர்வை. அப்படித்தான் எழுதப் போனேன். எழுதும்போதே கை நின்றுவிட்டது. உண்மையிலேயே இங்கே வருஷம் முழுக்க ஒரே மாதிரிதானா, அல்லது நாம் யாரும் பார்க்கவில்லையா? அதற்குமேல் சும்மா இருக்க முடியவில்லை. அடுத்த வாரமே பல்பு வாங்கிவிட்டேன்.

பார்க்கப் பார்க்கத் தெரிந்தது, நான் நினைத்தது தப்பு என்று. பிப்ரவரியில் புல் காய்ந்து கிடக்கும். அப்போது வாளியில் நாலு வண்டும் ஒரு பல்லியும்தான். மார்ச் கடைசியில் மத்தியானங்களில் இடி இடித்துப் பெய்ய ஆரம்பிக்கும். சாலையோர மரங்கள் திடீரென்று ரோஸ் நிறத்தில் பூத்து, போகிறவர்கள் எல்லாரும் செல்பி எடுப்பார்கள். அந்த வாரங்களில்தான் என் முட்டை அட்டைகளில் இடம் போதாமல் போகும். நம் பங்குனியும் சித்திரையும் இங்கே பூச்சிகளின் வசந்தம். யாருக்கும் சொல்லாமல் வந்து போய்க்கொண்டிருந்த ஒருவரைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

லத்தீன் பெயர்கள் என் வாயில் நுழையாது. அதனால் முதலில் நானே ஒரு பெயர் வைத்துவிடுவேன். வறுத்த ரவை, அச்சு முறுக்கு, மூக்குப்பொடி, கிழிந்த பஸ் டிக்கெட். சரியான பெயரைக் குழுவில் யாராவது பெரியவர்கள் பிறகு சொல்வார்கள். காலையில் எனக்குப் போட்டி மைனாக்கள்தான். வாளி எதற்கு என்று அவற்றுக்கும் தெரிந்துவிட்டது. நான் கொஞ்சம் தூங்கிப் போனால் புனலின் விளிம்பில் உட்கார்ந்து காலைப் பசியாறிவிட்டு, இறக்கைகளை மட்டும் எனக்கு மிச்சம் வைத்துவிட்டுப் போய்விடும்.

தோட்டத்தில் என் விளக்கைப் பிடிக்காத ஒரே ஆள், பக்கத்து வீட்டு அங்கிள். சீனர். அவரும் ஆன்ட்டியும் தேக்கா மார்க்கெட்டில் காலமெல்லாம் காய்கறி விற்றவர்கள். அதனால் இருவருக்கும் தமிழ் வரும், அதாவது கத்தரிக்காயும் முருங்கைக்காயும் விற்கிற அளவு தமிழ். வாங்க வருகிற பெண்கள் எல்லாரையும் கூப்பிட்டுப் பழகிய பழக்கத்தில், என்னைவிட ஒரு தலைமுறை மூத்த ஆன்ட்டி என்னை ‘அக்கா’ என்பார். அங்கிள் தோட்டத்தில் சிறு மிளகாய் போட்டிருந்தார். “நீ விளக்கு போட்டு பூச்சி கூப்பிடுற, அது என் மிளகாய் சாப்பிடுது” என்று வாராவாரம் சண்டை. உன் மிளகாயை எந்தப் பூச்சியும் தின்னாது, வாய் எரியும் என்று நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

போன வருஷக் கடைசியில் அங்கிள் இறந்துபோனார். ஆஸ்பத்திரியில் ராத்திரி பகலாகக் கூடவே இருந்த ஆன்ட்டி, ஏதோ எடுத்துவர வீட்டுக்குப் போன நேரத்தில் அவர் உயிர் போய்விட்டது. ஆன்ட்டி அழுததை நான் பார்க்கவில்லை. “நான் பக்கத்தில இல்லை, அக்கா” என்று மட்டும் லிஃப்டில், காரிடாரில், குப்பை போடும்போது, எப்போது பார்த்தாலும் சொல்வார்.

இந்த ஏப்ரலில் அங்கிளுக்கு முதல் சிங் மிங். சீனர்கள் இறந்தவர்களைப் போய்ப் பார்த்துக் கும்பிடும் நாள். அஸ்தி வைத்திருக்கும் இடத்துக்குப் போய்விட்டு வந்த ஆன்ட்டி, அன்றிலிருந்து வீட்டுக் கதவைத் திறந்தே வைத்திருந்தார். கம்பிக் கதவைக்கூடச் சாத்தவில்லை. விசாரித்ததில் விஷயத்தைச் சொன்னார். இந்தச் சமயத்தில் பெரிய பூச்சி ஒன்று வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தால் அது போனவர்தானாம். அடிக்கக்கூடாது, விரட்டக்கூடாது. அவர் பார்க்க வந்ததைப் பார்த்துவிட்டுப் போவாராம். “ஒரு தடவை வரட்டும்லா. நான் வீட்டில இருக்கேன். எங்கயும் போக மாட்டேன்” என்றார். காய்கறி வாங்கக்கூடப் போகாமல் என்னிடம் சொல்லி அனுப்பினார்.

அதற்கடுத்த சனிக்கிழமை தோட்டத்துக்குப் போனபோது, வாளிக்கு வெளியே, தண்ணீர்க் குழாய் இருக்கும் சுவரில் அது உட்கார்ந்திருந்தது. உள்ளங்கை அகலம். காப்பித்தூள் நிறம். இரண்டு பக்க இறக்கைகளிலும் மேலிருந்து கீழே ஒரு வெள்ளைக் கோடு, விரலால் இழுத்த விபூதி மாதிரி. பின் இறக்கைகளில் வால் வைத்திருந்தது. காட்டிலிருந்து வருஷத்தில் சில வாரங்கள் மட்டும் ஊருக்குள் வரும் இனம்; வந்தால் பஸ் நிறுத்தம், பள்ளிக்கூடம், எம்ஆர்டி ரயில் நிலையம் என்று எங்கே பார்த்தாலும் இருக்கும். நான் ‘பட்டைக்காரர்’ என்று பெயர் வைத்திருந்தேன். இந்த வருஷத்தின் முதல் பட்டைக்காரர். போனை நீட்டிக் குனிந்து நிமிர்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அங்கிளின் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற மட்டும் கீழே இறங்கி வரும் ஆன்ட்டி என் பின்னால் நின்றுகொண்டிருந்தது தெரியவில்லை.

“எப்ப வந்தார்?”

“ராத்திரி வந்திருக்கும், ஆன்ட்டி.”

ஆன்ட்டி சுவரைப் பார்த்தார். என் பல்பைப் பார்த்தார். “என் வீட்டில கதவு திறந்திருக்கு. அவர் உன் விளக்குக்கு வந்திருக்கார்” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. கூட்டத்தில் தன்னைக் கவனிக்காமல் தாண்டிப் போன ஆளைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். தண்ணீர் ஊற்றாமலே மேலே போய்விட்டார்.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. இது பருவம், ஆன்ட்டி, ஊர் முழுக்க வந்திருக்கிறது என்று விளக்கிச் சொன்னால் தீர்ந்துவிடும் என்று அன்று மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். “தெரியும்லா. நான் முட்டாள் இல்லை. நிறைய பூச்சி வருது. நிறைய பேர் செத்துப் போறாங்கதானே” என்றார். பிறகு, வேண்டுமானால் என் விளக்கை அவர் வீட்டு வாசலில் வைக்கிறேன் என்றேன். அதற்கும் தலையாட்டி மறுத்துவிட்டார். “விளக்கு போட்டு கூப்பிட்டா, அது நீ கூட்டிட்டு வந்தது. அவரா வரணும்.”

அதனால், வருகிறவரை என் பக்கம் இழுக்க வேண்டாம் என்று விளக்கை அணைத்தேன். வருஷத்திலேயே நல்ல வாரங்கள். குழுவில் எல்லாரும் தங்கள் வசந்தத்தைப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்க, என் வாளி ஸ்டோர் ரூமில் கவிழ்ந்து கிடந்தது. விட்டுப்போன வாரத்தைத் திரும்பப் பிடிக்க முடியாது என்ற வயிற்றெரிச்சல் எனக்கு நிறையவே இருந்தது. இருந்தும், காலையில் எழுந்ததும் நான் முதலில் பார்த்தது பக்கத்து வீட்டு வாசலைத்தான். நிலை, ஷூ ராக், உள்ளே சாமி மாடத்துக்குப் பக்கத்துச் சுவர். ஒன்றும் இல்லை. பட்டைக்காரர்களோ எங்கும் இருந்தார்கள். லிட்டில் இந்தியா ஸ்டேஷன் எஸ்கலேட்டர் பக்கம் ஒருவர், கோயில் மடப்பள்ளிச் சுவரில் ஒருவர், புளோக்கின் தபால் பெட்டிகள்மேல் இருவர். அந்த ஒரு வாசலை மட்டும் எல்லாரும் பேசி வைத்த மாதிரி விட்டுவிட்டார்கள். ஆன்ட்டி கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். என்னைப் பார்த்தால் சிரிப்பார். நாளாக ஆக அந்தச் சிரிப்பு சுருங்கிக்கொண்டே வந்தது. நான் பூச்சிகளிடம் கோபப்பட்டது அதுதான் முதல் தடவை.

ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து திரும்பும்போது லிஃப்டுக்குள் ஒரு பட்டைக்காரர். மேலும் கீழும் போய் வந்துகொண்டிருந்தார் போல. கையில் இருந்த சாப்பாட்டு டப்பாவைக் கவிழ்த்துப் பிடித்தேன். பிடித்த பிறகுதான் யோசனை வந்தது. பூச்சி பார்க்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: அடம்பிடிக்கிற பூச்சியைக் கொஞ்ச நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் செத்துப்போகாது, மயங்கினாற்போல் அசையாமல் இருக்கும். படம் எடுக்க வசதி. படம் எடுக்கிற மாதிரி வைத்துவிட்டு, விடியும்போது ஆன்ட்டியின் வாசல் நிலையில் மெல்ல ஏற்றிவிட்டால்? அவரா வரணும் என்றுதான் சொன்னார். லிஃப்டில் பாதி தூரம் அவராகத்தானே வந்திருக்கிறார் என்று எனக்கு நானே வக்கீலாகி வாதாடிக்கொண்டேன். ராத்திரி தயிர் எடுக்கப் போன என் கணவர், மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் டப்பாவைத் திறந்து பார்த்து மூடிவிட்டு, தயிர் இல்லாமலே சாப்பிட்டு முடித்தார்.

விடியற்காலையில் டப்பாவோடு காரிடாருக்கு வந்தேன். ஆன்ட்டி வீட்டுக் கதவு வழக்கம்போல் திறந்திருந்தது; உள்ளே விளக்கு இல்லை. பட்டைக்காரரைக் கதவு நிலையில் வைத்தேன். கால்களால் மரத்தைப் பற்றிக்கொண்டார். திரும்பி என் வாசலுக்கு இரண்டெட்டு வைப்பதற்குள் ஆன்ட்டி வந்துவிட்டார். கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்திருக்கிறார். என்னையோ டப்பாவையோ பார்க்கவில்லை. நேரே நிலைக்குப் போய் ஒரு விரலை அதன் கால்களுக்கு முன்னால் நீட்டினார். அது ஏறிக்கொண்டது.

“ஜில்லுன்னு இருக்கார்” என்றார்.

குளிரில் இருந்த பூச்சி பறப்பதற்கு முன்னால் தன் உடம்பைச் சூடாக்க இறக்கைகளை நடுக்கும். எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆன்ட்டியின் விரலில் அது நடுங்க ஆரம்பித்தது. முதலில் லேசாக, பிறகு உடம்பு முழுக்க.

“ஆன்ட்டி, அது நான்தான். ஃபிரிட்ஜுல வச்சு எடுத்துட்டு வந்தேன். சாரி.”

“தெரியும்லா. நீ சும்மா இரு.”

மற்றக் கையைக் குவித்து அதன்மேல் கூரைபோலப் பிடித்தார். வாயருகே கொண்டுபோய் மெல்ல ஊதினார். சூடான மூச்சு. மறுபடி ஊதினார். “குளிருது குளிருதுன்னு சொன்னார் அக்கா, ஆஸ்பத்திரியில. ஏர்கான் ரொம்ப. ஸ்வெட்டர் எடுத்துட்டு வரேன்னு நான் வீட்டுக்கு வந்தேன்.” அவ்வளவுதான் சொன்னார். ஊதிக்கொண்டே இருந்தார்.

என்ன எடுக்க வந்தார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. எதையும் விடாமல் துருவிப் பார்க்கிறவள் என்று எனக்கு என்னைப் பற்றி ஒரு பெருமை உண்டு. அதைக் கேட்கத் தோன்றவில்லை.

வெளியே வெளுக்க ஆரம்பித்தது. கீழே யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நடுக்கம் வேகமாகி, பிறகு ஒரே சீராகி, நின்றுவிட்டது. பட்டைக்காரர் இறக்கைகளை விரித்து வைத்துக்கொண்டு ஆன்ட்டியின் விரலில் உட்கார்ந்திருந்தார். ஆன்ட்டி குவித்த கையை எடுத்தார். சீனத்தில் என்னவோ சொன்னார். ஒரு வாக்கியம்தான் இருக்கும். எனக்குப் புரியவில்லை, புரிய வேண்டியதும் இல்லை. பூச்சி எழும்பிக் காரிடார் சுவரைத் தாண்டி தூங்குமூஞ்சி மரத்தின் பக்கம் போயிற்று. மரத்துக்குள் நுழையும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆன்ட்டி என் பக்கம் திரும்பினார். அத்தனை நாளில் முதல் தடவையாக அவர் கண் நிறைந்திருந்தது.

“போகும்போது நான் பக்கத்தில இருந்தேன். நீ பார்த்ததானே அக்கா?”

“பார்த்தேன், ஆன்ட்டி” என்றேன்.