மூன்று முறை கொட்டிய தண்ணீர்

எங்கள் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அவருக்குப் பெயர் மூக்கு. ஆய்வக உதவியாளர். எந்தத் தண்ணீரைக் கொடுத்தாலும் முதலில் முகர்ந்துதான் பார்ப்பார். நான் அங்கே பம்ப் ஓட்டுகிறவன். இருவர் வீடும் ஒரே தெருவில், குழாய்த் தண்ணீர் எட்டிப்பார்க்காத கடைசித் தெருவில்.

இருபத்திரண்டு வருடம் ஊர் கழுவிவிட்டதைச் சோதித்தே மனிதருக்குத் தலை நரைத்துவிட்டது. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனால் அவருக்குப் பக்கத்து நாற்காலி மட்டும் காலியாகக் கிடக்கும். அதைப் பற்றி அவர் வாயே திறந்ததில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுக்கொண்டு வந்தன. போர் போட்டு எடுக்கிற உப்புத் தண்ணீரைத் தொடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தண்ணீர் லாரியோ பத்து நாளைக்கு ஒருமுறை வந்து பேர் பண்ணிவிட்டுப் போகும். அந்த நேரத்தில்தான், எங்கள் நிலையத்துத் தண்ணீரை இன்னும் மூன்று கட்டம் சுத்தம் செய்து குடிக்கக் கொடுக்கலாம் என்று திட்டம் வந்து, சோதனை ஓட்டமும் தொடங்கியது. ஊர் ஒப்புக்கொண்டால் முதல் குழாய் எங்கள் தெருவுக்கு.

“ரெண்டு பாட்டில் வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்கண்ணே. யாரு கேக்கப் போறா?” என்றேன்.

“அனுமதி வரட்டும்பா. நானே திருட்டுத்தனமா எடுத்துட்டுப் போனா, அப்புறம் ஊரு எப்படி நம்பும்?”

இந்த நேர்மையை எந்த உப்பில் ஊறப்போடுவது என்று மனதுக்குள் திட்டினேன்.

பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். கேன் தண்ணீர் விற்கிற கடைக்காரருக்கு அன்றைக்குத்தான் ஊர் ஆரோக்கியத்தின் மேல் அப்படியொரு அக்கறை. “கக்கூஸ் தண்ணியக் குடிக்க நாம என்ன இளிச்சவாயனுங்களா?” என்றார். அதிகாரி பதில் சொல்லத் திணறி, மூக்கை மேடைக்குக் கூப்பிட்டார். “நீங்களே குடிச்சுக் காட்டுங்க.”

மூக்கின் மனைவி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவர் கண்ணாடி டம்ளரை எடுத்தார். எங்கள் நிலையத்துத் தண்ணீர் இருந்த கேனிலிருந்து கொஞ்சம் பிடித்தார், சுழற்றினார், வாளியில் கொட்டினார். மறுபடி பிடித்தார், கொட்டினார். மூன்றாவது தடவையும் அப்படியே. ஆய்வகத்தில் மாதிரி எடுக்கும்போது பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசுவது வழக்கம். பழசு எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது என்பதற்காக. கை அதன் பாட்டுக்குச் செய்துவிட்டது. நான்காவதாகப் பிடித்து, முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தார்.

“பாத்தீங்களா? மூணு தடவ கொட்டிட்டு, மோந்து பாத்துட்டுல்ல குடிக்கிறாரு” என்றார் கடைக்காரர்.

மூக்கு ஏதோ விளக்க வாயெடுத்தார். சிரிப்பில் அது யார் காதிலும் விழவில்லை. திட்டம் வேண்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னபோது எங்கள் தெருவிலேயே பாதிப் பேர் தூக்கவில்லை. அவர் மனைவியின் கைகளும் மடியிலேயே கிடந்தன. திட்டம் தோற்றது. சுத்தமான தண்ணீர் பழையபடி சாக்கடைக்கே போயிற்று.

கூட்டம் நடந்த ஏழாவது மாதம் அவர் மனைவியை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். உடம்பெல்லாம் வீங்கியிருந்தது. ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான், அதுவும் நர்ஸ் அளந்து பாட்டிலில் வைத்துவிட்டுப் போவாள்.

“அன்னிக்கு ஏங்க கொட்டுனீங்க?” என்று அவரைக் கேட்டாள். ஏழு மாதமாக அடக்கிவைத்திருந்த கேள்வி.

அவர் சொன்னார்.

“எனக்காவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல. உங்களுக்கே பிடிக்கலையாக்கும்னு நெனச்சுட்டேன்.”

அவள் தண்ணீர் கேட்டாள். அவர் டம்ளரை எடுத்துப் பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றினார், சுழற்றினார், ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“கொட்டிறாதீங்க,” என்றாள் அவள். “எனக்கு இவ்வளவுதான்.”