"ஓ பா"

எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. பாகூர் மிராசுதாரின் மாட்டு வண்டியை ஓட்டிய காலத்திலேயே, மாடுகளின் நடை பொறுக்காமல் இறங்கி அவற்றுக்கு முன்னால் நடந்துவிடுவேன். அவர் கார் வாங்கியதும் அதை ஓட்டக் கற்றுக்கொண்டு, எப்போது என் கைக்கு வரும் என்று தவித்துக் கிடந்தேன். "வெள்ளிக்கெழமைக்குள்ள பெர்மி வாங்கிக்கினு வா. இல்லன்னா கார் ஓட்ட கடலூர்லேர்ந்து வேற ஆளு வர்றான்" என்று சொல்லிவிட்டார். பெர்மி என்பது கார் ஓட்டப் பிரெஞ்சு சர்க்கார் கொடுக்கும் சீட்டு.

வியாழக்கிழமை வில்லியனூரில் பரீட்சை. பரீட்சை வைக்க வந்த அதிகாரி நம்மவர்தான். தொப்பியும் பேச்சும் மட்டும் பிரெஞ்சு. என் பக்கத்தில் ஏறிக்கொண்டார். சந்தைத் தெரு நெருங்கியபோது, "ஓ பா" என்றார். ஓட்டுப்பா என்கிறார் என்று நினைத்து அழுத்தினேன். "ஓ பா! ஓ பா!" என்று கத்தினார். இன்னும் அழுத்தினேன். எதிரே மீன் கூடையோடு வந்த பெண் ஓரமாகத் தாவினாள். நான் பிரேக்கை மிதித்தபோது கார் அவள் சேலையை உரசிக்கொண்டு நின்றது.

"கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது?" என்று கத்தினாள்.

"பிரெஞ்சுல ஓ பான்னா ஆள் நடக்கற வேகம்டா, முட்டாள்! ஊருக்குள்ள அதுக்கு மேல போகக் கூடாது. அதான் சட்டம்" என்றார் அதிகாரி.

"எந்த ஆளு நடக்கற வேகங்க?" என்று கேட்டேன். கிண்டல் இல்லை. என் நடையே ஓட்டம்தான்.

அவருக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தப் பெண்ணைப் பார்த்து, "நீ முன்னால நட. இவன் சந்தை வரைக்கும் உன் பின்னாலயே வரட்டும். ஒழுங்கா வந்துட்டான்னா கையெழுத்துப் போடறேன்" என்றார்.

தொப்பிக்காரரிடம் அவள் என்ன சொல்ல முடியும்? நடந்தாள். நடையா அது! வேண்டுமென்றே ஊர்கிறாள் என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. விடிந்தால் வெள்ளி. நட, நட என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே போனேன். பாதித் தெருவில்தான் கவனித்தேன். என்ஜின் உறுமும்போதெல்லாம் அவள் தோள் ஒடுங்கியது.

காரை நிறுத்திவிட்டேன்.

"இன்னாடா?"

"பயப்படுதுங்க. போவட்டும்."

"சந்தை இன்னும் வரல. கையெழுத்து வேணாமா?"

வேண்டும். அழுகை முட்டும் அளவுக்கு வேண்டும். என்ஜினை அணைத்தேன்.

சத்தம் நின்றதுதான் தாமதம், தலையில் கூடையோடு அவள் ஓடினாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் கடலூர் ஆள் வந்து காரை எடுத்தான்.