பத்தொன்பதாம் இலக்க அட்டை

முழங்கை வரை கையை உள்ளே விட்டால் உலர்ந்த கோதுமைத் தூள் நகக்கண்ணுக்குள் ஏறும், தும்மல் வரும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டு பெட்டியின் அடியைத் துழாவினால் விரல் நுனியில் வழுவழுவென்று ஒன்று தட்டுப்படும் பாருங்கள், அந்த ஒரு நொடிக்காகத்தான் எண்பதுகளின் பின்பாதியில், ஆக்லாந்தின் சான்ட்ரிங்ஹாமில், எங்கள் வீடு காலையில் கண் விழித்தது. பாலில் ஊறவைத்துத் தின்னும், வைக்கோல் போலிருக்கும் அந்தக் கோதுமை வில்லைகளை அப்பா "வைக்கல் பிஸ்கட்" என்பார். பெட்டிக்கு ஒரு கிரிக்கெட் வீரரின் அட்டை. மொத்தம் இருபத்துநான்கு.

அட்டை சேர்த்தது நான் மட்டும் என்று சொன்னால் அது பச்சைப் பொய். மவுண்ட் வெல்லிங்டனில் தொழிற்சாலை வேலைக்குப் போன அப்பா, சாப்பாட்டு இடைவேளையில் எங்களிடம் இரண்டிரண்டாக இருந்தவற்றைத் தன்னோடு வேலை செய்பவர்களிடம் மாற்றி வருவார். அம்மா ஒரு பெட்டி முடியாமல் அடுத்ததை உடைக்க விடமாட்டார். ஆனால் சீக்கிரம் முடிக்கும் வழியையும் அவரேதான் கண்டுபிடித்தார். வில்லைகளை நொறுக்கி, தண்ணீர் தெளித்து, தேங்காய்ப்பூப் போட்டுப் புட்டாக அவித்துவிட்டார்! சத்தியமாக நன்றாகவே இருந்தது.

எனக்குப் பத்து வயது. யார் முதலில் முழுவதும் சேர்க்கிறார்களோ அவர்களுடைய அட்டைகள் பள்ளித் தவணை முடியும் வரை வகுப்புப் பலகையில் இருக்கும் என்று ரீச்சர் சொல்லிவிட்டார். என்னிடம் இருபத்துமூன்று. கிரெக் என்ற வாயாடியிடமும் இருபத்துமூன்று. இருவருக்கும் இல்லாதது பத்தொன்பதாம் இலக்கம், ஓர் இடக்கைப் பந்துவீச்சாளர். "உனக்கு கிரிக்கெட் பற்றி என்ன தெரியும்?" என்று அவன் எல்லோர் முன்னும் கேட்டதில் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அந்தச் சனிக்கிழமை தீபாவளி. நம்மவர்கள் வெறுங்கையோடு வீடு வரமாட்டார்கள் அல்லவா? அப்பா வருகிறவர்களுக்கெல்லாம் தொலைபேசியில், "பழம் வேண்டாம், வைக்கல் பிஸ்கட் கொண்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டார். "கேட்டு வாங்கிறதோ? வெக்கக்கேடு!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். ஐந்து குடும்பம், ஐந்து பெட்டி. விருந்தாளிகள் இருக்கும்போது அவர்கள் கொண்டுவந்ததைப் பிரிப்பது எங்கள் வீட்டில் மகா பாவம். ஆகவே நான் பெட்டிகளைப் பார்த்தபடி வடையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்களோ வாசலில் செருப்பைப் போட்ட பிறகு இன்னும் அரை மணி நேரம் கதைத்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் ஒவ்வொருவரையும் பிடித்துக் காருக்குள் தள்ளியிருப்பேன்.

கடைசிக் கார் போனதும் பாய்ந்தேன். மேசையில் நான்கு பெட்டிகள்தான் இருந்தன. அம்மாவின் விதியை அப்பாவே மீறி நான்கையும் உடைத்தார். நான்கிலும் எங்களிடம் ஏற்கெனவே இருந்த முகங்கள். "மற்றது எங்கை?" என்று கத்தினேன். அம்மா மெதுவாகச் சொன்னார்: பக்கத்து ஊரான த்ரீ கிங்ஸிலிருந்து வந்த மாமி பலகாரம் கொண்டுவந்த பையை வெறுமையாகத் திருப்பி அனுப்பக்கூடாதே என்று, முறுக்கோடு ஒரு பெட்டியையும் தானே உள்ளே வைத்துவிட்டாராம்.

நான் அழுத அழுகையை என்னவென்று சொல்ல! அப்பா தொலைபேசியை எடுக்கப் போனார். அம்மா விடவில்லை. "குடுத்ததைத் திருப்பிக் கேட்டால் அதுகள் எங்களை என்னெண்டு நினைக்கும்?" அம்மாவுக்கு மானம் பெரிது.

மறுநாள் காலையில் நான் சாப்பிடாமல் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே நின்ற அம்மா, திடீரென்று சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தானே எண்ணைச் சுழற்றினார். முகம் சிவந்திருந்தது. "மாமி, குறை நினையாதேங்கோ. ராத்திரி தந்த பெட்டிக்குள்ளை ஒரு அட்டை இருக்கும். அது பிள்ளைக்கு வேணுமாம்." மாமியின் சிரிப்பு சமையலறை வரை கேட்டது. "ஓம், ஓம், இருக்கு! எங்கட சின்னவன் வாய்க்குள்ளை வச்சிருக்கிறான், ஓடி வாங்கோ!"

ஓடினோம். மூவரும் காரில். இடக்கைக்காரரின் தோள்பட்டையில் இரண்டு பால்பல் தடங்கள், மூலையில் 19. அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். மாமியின் வீட்டு வாசலில் அம்மாவும் கைகொட்டிச் சிரித்தார்.

திங்கட்கிழமை கிரெக், கடித்த அட்டை செல்லாது என்றான். செல்லும் என்றார் ரீச்சர். தவணை முடியும் வரை பலகையில் நாங்கள்தான்! பிள்ளைகளைப் பள்ளியில் விட வந்த தாய்மார் நடுவே அம்மா ஒருநாள் உள்ளே வந்து, இருபத்துநான்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் போனார்.

இன்று அந்தப் பெட்டிகளை உலுக்கினால் கோதுமைதான் விழும். வீட்டுக்கு வருகிறவர்கள் என்ன கொண்டுவரலாம் என்று வருமுன் செய்தி அனுப்புகிறார்கள், நாங்களும் "ஒன்றும் கொண்டுவர வேண்டாம்" என்று பதில் போடுகிறோம். அப்பா இல்லை. எண்பதை நெருங்கும் அம்மா இன்னமும் அண்டை வீட்டில் ஒரு பிடி உப்புக்கூடக் கேட்கமாட்டார். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேட்டார். வெட்கமாக இருந்ததா என்று போன வாரம் கேட்டேன்.

"செத்திடலாம் போல இருந்தது," என்றார். "அதுக்கென்ன, போட்டியிலை வெண்டனாங்கள்தானே!"