கையை எடுத்தால் நின்றுபோகும் பலகை

குஞ்சு பொரிக்கும் அறையின் வாசலிலேயே அண்ணன் நின்றிருந்தான். தங்கையைப் பையை இறக்கி வைக்கக்கூட விடவில்லை.

“வா தாயே. உன் பொம்மை செத்துப்போச்சு. காலையில கரண்ட் போய் வந்துச்சு, அதுக்கப்புறம் கண்ணே திறக்கலை.”

பொம்மை என்று அவன் சொன்னது, அடைகாக்கும் பெட்டியின் சூட்டைப் பார்த்துக்கொள்ள அவள் செய்து கொடுத்த மைக்ரோகன்ட்ரோலர் பலகையை. உள்ளங்கையளவுதான். அதற்கு முன் அந்த வேலையைச் செய்த பழைய தெர்மோஸ்டாட் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றச் சொல்லி அண்ணனை அரித்தெடுத்தவள் இவள்தான்.

“பழசு எங்கண்ணே?”

“குப்பைன்னு நீதானே சொன்னே? குப்பையில போட்டாச்சு.”

பெட்டிக்குள் ஓடு உடைக்கும் தறுவாயில் முட்டைகள். அண்ணி கம்பளி போர்த்தி, பக்கங்களில் வெந்நீர்ப் புட்டிகளைச் செருகிக்கொண்டிருந்தாள். அப்படியும் வெப்பமானியின் முள் இறங்கிக்கொண்டே வந்தது.

தங்கை பலகையில் மீட்டரை வைத்துப் பார்த்தாள். ஐந்து வோல்ட் வருகிறது. சிப்பை எழுப்பிவிடும் ரீசெட் காலும் சரி. சிப்பைப் பிடுங்கிவிட்டு, கொண்டுவந்த புதியதைச் செருகினாள். பலகையின் பச்சை விளக்கு சிமிட்டவில்லை. நாடி இருக்கிறது, மூச்சு இல்லை.

மிச்சம் இருந்தது, சிப்புக்குத் தாளம் போடும் கிரிஸ்டல். மீட்டர் முனையை அதன் காலில் வைத்தாள். விளக்கு சிமிட்டியது, பெட்டியின் விசிறி சுழன்றது.

“வந்துடுச்சு!” என்றாள் அண்ணி.

முனையை எடுத்தாள். நின்றுவிட்டது. மறுபடி வைத்தாள், ஓடியது.

“கையை எடுக்காதே!” அண்ணன் அலறினான். “அப்படியே நில்லு. சாப்பாடு ஊட்டிவிடறோம்.”

“குஞ்சு வர்ற வரைக்குமா?”

“நான் என்ன, தமாஷா பண்றேன்?”

அவள் அசையாமல் நின்றாள். முள் மெல்ல ஏறியது. விரல் மரத்துப்போனது. கையை எடுக்க முடியாததால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பலகையைத் துழாவினாள். கிரிஸ்டலின் இரு பக்கமும், அதன் தாளத்தைத் தாங்க, எள்ளளவு கெபாசிட்டர் ஒவ்வொன்று இருக்க வேண்டும். ஒரு பக்கம் வெறும் ஈயத் தழும்பு.

“இதுல யாரு கை வச்சது?”

அண்ணி தன் கணவனைப் பார்த்தாள்.

“இறகுப் பஞ்சா அடைஞ்சு கிடந்துச்சு. நேத்து டூத் பிரஷ்ஷால நல்லா தேச்சு விட்டேன்,” என்றான் அண்ணன். “அப்புறமும் ஓடிச்சே!”

“ஓடினது ஓடிச்சு. நேத்து லேசா ஒட்டிக்கிட்டு இருந்திருக்கும்; கரண்ட் போய் ஆறினப்போ கழண்டு விழுந்துடுச்சு, அது இல்லாம ஓடாதுண்ணே.”

“சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்,” என்றாள் அண்ணி.

தங்கையின் பையில் முன்பு சோதனைக்குச் செய்த பலகை ஒன்று இருந்தது. அதிலும் கிரிஸ்டல் பக்கத்தில் இதே ஜோடி உண்டு. வேறெங்கிருந்தும் எடுக்க முடியாது. இந்தச் சின்ன உருப்படிகளின் மேல் அளவே எழுதியிருக்காது.

முள் பழைய இடத்துக்கு வரும்வரை நின்றாள். பிறகு, “எடுக்கப் போறேன்,” என்றாள்.

விசிறி நின்றது. பலகைக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்து, சோதனைப் பலகையின் முதல் கெபாசிட்டரைப் பற்றவைக்கும் கோலால் சூடாக்கிக் கழற்றினாள். அது இடுக்கியிலிருந்து தெறித்து, தரையில் கிடந்த இறகுப் பஞ்சுக்குள் போனது. தேட நேரமில்லை. இரண்டாவதைக் கழற்றும்போது மூச்சே விடவில்லை. இதுவும் போனால் வேறில்லை.

வெறும் தழும்பின் மேல் அதை வைத்துச் சுட்டதும் ஈயம் உருகிப் பிடித்தது. சுவிட்சைப் போட்டாள். பச்சை விளக்கு சிமிட்டியது. உடனே அணைத்தாள்.

“ஏண்டி அணைக்கிறே! பைத்தியமா உனக்கு?” என்று கத்தினான் அண்ணன்.

“கரண்ட் இன்னொரு தடவை போகாதா என்ன?”

மறுபடி போட்டாள். சிமிட்டியது.

அண்ணன் பெட்டியைத் திறந்து ஒரு முட்டையை டார்ச் வெளிச்சத்தில் பிடித்தான். வெகுநேரம் பார்த்தான். அசைவில்லை; தனியே வைத்தான். அடுத்ததையும் அப்படியே வைத்தான். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“இங்கே பாரு,” என்றான் மூன்றாவதைப் பிடித்தபடி. “உதைக்குது.”

ஓட்டுக்குள் நிழல் ஒன்று துள்ளி அடங்கியது.

“அடுத்ததைப் பாருண்ணே,” என்றாள் அவள்.