மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்பு

முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் வீட்டின் முன்னறையில் என் மருமகள் சிறு குழந்தைகளுக்கான விளையாட்டுப் பள்ளி ஒன்றை நடத்தி வருகிறாள். காகிதத்தைக் கிழித்து ஒட்டுவதும், மாவைப் பிசைந்து பாம்பு உருட்டுவதும், உள்ளங்கையில் வண்ணம் பூசித் தாளில் பதிப்பதுமே அங்குப் பாடங்கள். தொழிற்சாலைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நான், வாயிற்கதவைக் காப்பதையும் குழந்தைகள் கை கழுவத் தண்ணீர் ஊற்றுவதையும் விரும்பி ஏற்றிருந்தேன்.

கடை வண்ணங்களில் இரசாயனம் இருக்குமென்று மருமகள் அஞ்சுவாள். ஆகையால் பீட்ரூட்டைத் துருவி இளஞ்சிவப்பும், கீரையை அரைத்துப் பச்சையும் எடுப்பாள். அன்று அவளுக்கு ஆழ்ந்த சிவப்பு தேவைப்பட்டது. ஆரத்திக்குக் கரைப்பதைப் போலவே மஞ்சளில் சுண்ணாம்பைச் சேர்த்துக் குழைத்தாள். மங்கல காரியங்களுக்கு வீடுதோறும் கரைப்பதுதானே என்பதற்கு மேல் எங்கள் இருவருக்கும் எதுவும் தோன்றவில்லை.

நான்கு வயது நிரம்பாத சிறுமி ஒருத்தி முதலில் கையைப் பதித்தாள். "தாத்தா, பாரேன், ஆரத்திக் கை!" என்று என்னிடம் காட்டினாள். நெற்றி முடி முகத்தில் விழவே, அதே கையால் கண்ணைக் கசக்கினாள். அடுத்த கணம் எழுந்த அலறல் இன்றும் என் செவியை விட்டு அகலவில்லை.

சுவருக்கு வெள்ளையடிக்கையில் சுண்ணாம்பு தெறித்து ஒரு கண்ணை இழந்த மனிதரை நான் இளமையில் கண்டிருக்கிறேன். அவருடைய பால்போல் வெளுத்த கருவிழி என் முன்னே வந்து நின்றது. அவளுடைய சிவப்புக் கை என் கையைப் பற்றியிருக்க, சிறுமியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன்.

எதிர்வீட்டு அம்மாள் மதிலுக்கு அப்பாலிருந்து கூவினாள். "பெரியவரே, தண்ணி ஊத்தாத! சுண்ணாம்பு வெந்துடும்! வெளக்கெண்ண வுடு!"

என் கையிலிருந்த குவளை அப்படியே நின்றது. கைப்பேசியில் கண் மருத்துவரைப் பிடித்திருந்த மருமகள் உள்ளிருந்து கத்தினாள். "மாமா, தண்ணிதான்! நிறுத்தாம ஊத்துங்க! ஊத்திக்கிட்டே கூட்டிட்டு வரச் சொல்றார்!"

ஊற்றினேன். ஒவ்வொரு குவளைக்கும், நானே அக்கண்ணை வேகவைக்கிறேனோ என்று உள்ளம் பதறியது. மற்றக் குழந்தைகளை எதிர்வீட்டு அம்மாளிடம் ஒப்படைத்துவிட்டு ஆட்டோவில் ஏறினோம். ஆவடி வரையிலும் மருமகள் இமையை விரித்துப் பிடிக்க, நான் புட்டியிலிருந்து தண்ணீரைச் சாய்த்துக்கொண்டே வந்தேன்.

சிறுமியின் தாய், மருமகள் கைப்பேசியில் சொன்னதும் தான் வேலை செய்யும் தையற்கூடத்திலிருந்து விரைந்து வந்து, எங்களுக்கு முன்பே மருத்துவமனை வாயிலில் நின்றிருந்தாள். "காலைல ரெண்டு கண்ணோட தான வுட்டுட்டுப் போனேன்? இன்னா பண்ணீங்க எம் பொண்ண?" என்றாள். மருமகள் நிற்காமல் சிறுமியை உள்ளே தூக்கிச் சென்றாள்.

மருத்துவர் இமையைப் புரட்டிச் சுண்ணாம்புத் துணுக்கொன்றை எடுத்தார். மீண்டும் நெடுநேரம் கழுவினார். பின்னர் நல்ல கண்ணை மூடிவிட்டு, ஒரு பூனைப் படத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்தார்.

"இது என்ன பாப்பா?"

சிறுமி பேசவில்லை. படத்தை அருகே கொண்டுவந்து மறுபடியும் கேட்டார். அப்போதும் பேசவில்லை. அருகில் நின்ற தாய் தன்னையறியாமல் என் சட்டைக் கையைப் பற்றினாள். அந்த மனிதரின் வெளுத்த கருவிழியை நான் மீண்டும் மனத்தில் கண்டேன்.

சிறுமி படத்தைப் பார்க்கவே இல்லை. அவள் முகம் மெல்ல என் பக்கம் திரும்பிற்று.

"தாத்தா கையே கழுவல. செவப்பு அப்டியே கீது" என்றாள்.

தாய் அங்கேயே தரையில் அமர்ந்து வாய்விட்டு அழுதாள். "பூனையக் கேட்டா, மேடம் உங்க கையப் பாக்குறாங்க" என்று மருத்துவர் என்னிடம் நகைத்தார். "புண் ஆறிடும். சொட்டு மருந்த மட்டும் விடாம போடுங்க."

கையைக் கழுவலாமென்று வெளியே வந்தேன். சுண்ணாம்புச் சிவப்பு படிந்த கையால் குழாயைத் தொடத் தயங்கினேன். மருமகள் பின்னாலேயே வந்து அதைத் திறந்துவிட்டாள்.